மாற்றும் அனுமதி

அன்று சோளகம் வீசியதா, வாடையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. விசாரணையில் நீங்கள் கேட்பதால் யோசித்துப் பார்க்கிறேன். மேசையில் தேநீர் ஆறிப்போயிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இறங்குதுறையில் எங்கள் மீனவர் சங்கக் கந்தோர் இருக்கிறது. படகுகளின் விபரமெல்லாம் நான் கணினியில் அமைத்த தரவுத்தளத்தில் இருந்தது. படகுகளைப் பரிசோதிக்கும் நஸ்ரியா, பழுதைக் கண்டால் ‘நிறுத்து’ என்று அதில் பதிவார். டீசல் கொடுக்கும் அஸாம் திரையைப் பார்த்துத்தான் குழாயைத் திறப்பான். வாய்ச்சொல் செல்லாது. அந்த ஒழுங்கை வைத்தவன் நான். அதற்கு முன்பு மச்சானுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயம் என்றிருந்தது.

அப்படியான தரவுத்தளத்தில் முதலில் எல்லோரும் ‘அட்மின்’ என்ற பொதுப்பெயரில்தான் நுழைகிறார்கள். பாதுகாப்புப் போடுபவருக்கு, எதையும் மாற்றக்கூடிய பெயர்களைக் கணினி வைத்திருக்கும் ‘நிர்வாகிகள்’ குழுவில் இடம் வேண்டும். போட்ட பிறகு அந்தப் பொதுப்பெயரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும்; இல்லாவிட்டால் யாரும் அந்தப் பெயரில் நுழைந்து எதையும் மாற்றலாம். நான் நீக்க மறந்துவிட்டேன். சங்கக் கூட்டத்தில் நஸ்ரியா கடவுச்சொல் இல்லாமலே அதைத் திறந்து காட்டினார்.

“ஆனந்தராசா சேர் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கார், சுவரைக் கட்ட மறந்திட்டார்” என்றான் படகுக்காரன் பஸ்லான். எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரியாவும் சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. பிழையைத் திருத்தினேன். குழுவில் என்னை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி போதும், மாற்றும் அனுமதி வேண்டாம் என்று தோன்றியது. நஸ்ரியாவுக்கும் அதுவே.

மறுநாள் அவர் ஈரக் கையோடு என் மேசைக்கு வந்தார்.

“சேர், பஸ்லான்ட படகுல அடிப்பலகை வெடிச்சிக் கிடக்கு. நிறுத்து எண்டு போட ஏலாம இருக்கு.”

“அனுமதி வேணுமெண்டால் எழுதித் தாங்கோ. சங்கத் தலைவரும் கையெழுத்து வைக்க வேணும்.”

“தலைவர் கொழும்புக்குப் போயிருக்கார் சேர். நீங்களே போடுங்களன். ரெண்டு தட்டுத்தானே.”

ஓம், இரண்டு தட்டுத்தான். நான் விசைப்பலகையைத் தொடவில்லை. அவர் டீசல் குழாயடிக்கு ஓடினார். ஜன்னல் திறந்திருந்ததால் கதை எல்லாம் கேட்டது.

“அஸாம், குடுக்காதீங்க!”

“திரையில போகலாம் எண்டு கிடக்கு ராத்தா. நான் நிப்பாட்டினா சேர் என்ட வேலையைப் பறிச்சிடுவார்.”

“பலகையைவிடக் கொம்பியூட்டருக்குக் கடலை நல்லாத் தெரியும் ராத்தா” என்று பஸ்லான் சிரித்தான். அவன் தம்பி இக்ராம் கயிற்றை அவிழ்த்தான்.

நஸ்ரியா திரும்பி என் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். படகு துறைமுக வாயைத் தாண்டும்வரை நேரமிருந்தது. கரையோரக் காவல்படைக்கு ஓர் அழைப்பு எடுத்திருக்கலாம். தொலைபேசி தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பலகை தாங்காது என்று எனக்குத் தெரியும். என்னுடைய அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது என்பதை அவர்கள் ஒருதரமாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பஸ்லானின் உடல் திரியாய் ஊர்க் கரையில் ஒதுங்கியது. இக்ராம் இன்னும் கிடைக்கவில்லை. அஸாம் கட்டாருக்குப் போய்விட்டான். நஸ்ரியா வேலையை விட்டுவிட்டுக் கிண்ணியாவில் வீட்டோடு இருக்கிறார், யாருடனும் கதைப்பதில்லையாம். சங்கம் மூடிக் கிடக்கிறது. அந்தத் தரவுத்தளத்தைத் திறக்க உங்கள் ஆட்களாலும் முடியவில்லை என்கிறீர்கள். கடவுச்சொல்லைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முறைப்படி எழுதித் தாருங்கள்.