மூன்றாவது அலசல்

இசை என்றால் என்ன என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கம்பக்கத்திலும் விசாரித்துவிட்டேன், வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, டாக்டர். எட்டு வருடம் கீபோர்டு படித்தவன் நான். ஆறு சான்றிதழ்கள் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன.

நேற்று என் தம்பி உங்கள் மேசையில் நிரப்பிய படிவத்தில், "காரணம்" என்ற இடத்தை மட்டும் வெற்றாக விட்டுவிட்டான். எப்படி ஆனது என்று நீங்கள் தாளில் எழுதிக் கேட்டபோதும் தோளைக் குலுக்கினான். பாதி நிரப்பிய படிவத்தைப் பார்த்தால் எனக்கு ஆகாது. அதனால் இந்தத் தாளை அதோடு சேர்த்துக்கொள்ளவும்.

தம்பிக்கு ஒரு ஸ்வரமும் தெரியாது. அவன் பாடம் படித்தது துணி துவைக்கும் மெஷினிடம். பால்கனியில் அது ஓடும்போது தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டுத் தகட்டில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். யாராவது பேச வந்தால் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவான்.

"என்னடா, உள்ளேருந்து யாராவது கூப்பிடறாங்களா?" என்று கேட்பேன். "ரொம்ப நேரம் வைக்காத, மூஞ்சி வெளுத்துடும்."

"மூணாவது அலசல்ல தாளம் மாறுதுண்ணா. கேளேன்."

கேட்டேன். துணி சுற்றும் சத்தம் கேட்டது.

எங்கள் குழு அப்படித்தான் பிறந்தது. மூன்று பேர். தம்பி சத்தம் பிடித்து வருவான். அவன் நண்பன் ஆணி, பழைய ரேடியோக்களைப் பிரித்து, இதுவரை யாரும் கேட்டிராத, கேட்க ஆசைப்பட்டும் இராத சத்தங்களைப் போடும் பெட்டிகள் செய்வான். நான் படித்தவன் என்பதால் சத்தங்களைக் கலக்கும் மிக்ஸர் முன்னால் என்னை உட்காரவைத்தார்கள். அதாவது, குமிழ் திருகும் வேலை. குழுவுக்கு 'ஈரத்துணி' என்று பெயர் சொன்னவனும் நான்தான். கேலியாகச் சொன்னேன். இருவரும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஆல்பம் வேலை தொடங்கிய வாரம் தம்பி ஓர் இசைத்துணுக்கைப் போட்டுக் காட்டினான். நான்கு நிமிடம். அலசும் சத்தத்தை நீட்டி, மடித்து, அடுக்கி என்னவோ செய்திருந்தான். காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அறையைக் கடந்துபோன அம்மா நின்றாள். முடிகிறவரை நின்றாள்.

"என்னமோ பண்ணுதுடா," என்றாள் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் நல்லாத்தான் வாசிப்ப," என்றாள்.

அந்த வாக்கியத்தில் ஓர் 'உம்' இருக்கிறது, ஒரு 'தான்' இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டுப் படித்தால் நல்ல வாக்கியம். பல நாள் எடுத்துப் பார்த்தேன். வரவில்லை.

"உன் தம்பிக்கு இருக்கறது காது இல்லடா, வலை. எது போனாலும் மாட்டுது," என்றான் ஆணி.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அவனிடம் திறமை என்று எதுவும் இல்லை. காது மட்டும்தான் இருந்தது.

தம்பியின் ஹெட்போனுக்கான குமிழ் என் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முதல் நாள் சத்தத்தை ஒரு மயிரிழை ஏற்றினேன். அவனுக்குத் தெரியவில்லை. குமிழ் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பிறகு வாரத்துக்கு ஒரு கோடு. அவசரப்படுவது என் வழக்கமில்லை. தினம் ஆறு மணி நேரம், பதினொரு மாதம்.

ஆணி ஒருமுறை கோடுகளைக் கவனித்தான். "இது என்னடா, செவுத்துல குழந்தை உயரம் குறிச்ச மாதிரி?"

"ஆமா. வளருது."

ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு நானாக ஏற்றவே இல்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "கொஞ்சம் ஏத்துண்ணா, இன்னைக்கு மங்கலா இருக்கு" என்று அவனே கேட்டான். ஏற்றினேன். கேட்டதைக் கொடுக்காதவன் என்ன அண்ணன்?

ஏழாவது மாதம், காதுக்குள் விசில் அடிக்கிறது என்றான். பயந்துபோவான் என்று நினைத்தேன். கண்ணெல்லாம் மின்ன ஓடிவந்தான்.

"ஒரே ஸ்வரம்ணா, விடவே மாட்டேங்குது. மைக்க காதுக்குள்ள வச்சா பிடிக்குமா?"

எனக்கு நிஜமாகவே வலித்தது அன்றைக்குத்தான். அத்தனை பாடுபட்டு நான் கொடுத்ததையும் பாட்டாக்கிவிட்டான். அந்த ஸ்வரத்தைக் கீபோர்டில் தேடி எடுத்துக் கொடுக்கவும் நான்தான் வேண்டியிருந்தது. ஆல்பத்தில் அது ஆறாவது பாட்டு.

கடைசிப் பாட்டின்போது, அம்மா பின்னால் நின்று கூப்பிட்டாலும் அவன் திரும்பவில்லை. மெஷினில் கன்னத்தையும் உள்ளங்கையையும் வைத்து, அதிர்வைத் தொட்டுத் தொட்டே அடுக்கினான். எது எங்கே வரவேண்டும் என்று என் முழங்காலில் தட்டிக் காட்டினான். நான் குமிழ் திருகினேன். 'மூன்றாவது அலசல்' என்ற பெயரில் ஆல்பம் வெளிவந்து மூன்று வாரமாகிறது. கேட்டவர்கள் எல்லோரும் அந்தக் கடைசிப் பாட்டைத்தான் சொல்கிறார்கள்.

உறையின் பின்பக்கம் "காது: அண்ணன்" என்று அச்சடித்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆக, காரணம் நான். தெரிந்து செய்தேன், நிதானமாகச் செய்தேன். படிவத்தில் அந்த இடம் சின்னதுதான். 'அண்ணன்' என்று எழுதினால் அடங்கும்.

இன்னொன்று, இது நோய் சம்பந்தப்பட்டதல்ல. நேற்று உங்களிடமிருந்து திரும்பியதும் தம்பி போய்ப் படுத்துவிட்டான். நான் பால்கனிக்குப் போய், துணி எதுவும் போடாமல் மெஷினை ஓடவிட்டேன். முதல் அலசல் போனது. இரண்டாவதும் போனது. தகடு கன்னத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா துணிக்கூடையோடு வந்து நின்றாள்.

"என்னடா, நீயுமா?"

மூன்றாவது தொடங்கியிருந்தது. கன்னத்தை எடுக்காமல், உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.