தண்டையோடு போட்ட எடை

"பிள்ளையை அரிசி மில்லு தராசுல வச்சு எடை போட்டோம்க்கா."

புதுவயலிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

"அடியாத்தி! என்ன நெல்லு மூட்டையா? அப்பறம்?"

"மறுவாரமும் போட்டோம். ஏறவேயில்லை. உன் பால்ல சத்தில்லைன்னு அத்தை டின் பாலுக்கு மாத்திட்டாக."

"நகையெல்லாம் கழட்டிட்டுத்தானே போட்டீக?"

"மொதத் தடவை தண்டை, காப்பு, வெள்ளி அரைஞாண் எல்லாம் கிடந்துச்சு. மறுதடவை குளிப்பாட்டி வெறும் உடம்பாத் தூக்கிட்டுப்..." அவள் கண் குழந்தையின் காலில் கிடந்த தண்டைக்குப் போனது.

"அடி கூறுகெட்டவளே! பிள்ளை ஏறித்தானடி இருக்கும்! மறுபடி பால் குடுத்துப் பாரு."

"வத்திப்போச்சேக்கா."

குழந்தை சிணுங்கியது. மாராப்பை விலக்கப் போன அவள் கை, பாதியில் திரும்பிப் பைக்குள் பால் புட்டியைத் தேடியது.