பன்றிச் சிறுநீரகமும் கச்சிராயபாளையம் பஸ்ஸும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும். டயாலிசிஸ் முடித்து வந்த அக்காவின் இடது கையில் பிளாஸ்டர். தங்கை செல்போனில், ஆளுக்கு வைக்கும் கிட்னிக்காகப் பன்றி வளர்க்கும் வீடியோவைக் காட்டிக் காட்டிக் கத்தினாள். கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பன்னி எங்க வூட்டுக்காரர வுட சுத்தம்க்கா! குளிச்சி, துணி மாத்தினாதான் ஆளையே கிட்ட வுடுவாங்களாம்.”

“பன்னி கிட்னியா எனக்கு? தூ!”

“வெளிநாட்டுல வெச்சிக்கினுதான் இருக்காங்க. இங்கயும் வந்துரும் பாரு!”

“அது ஒடம்புல வைரஸ் ஒளிஞ்சிக்கினு இருந்தா?”

“அதான் பெரிய பயமே. டெஸ்ட்டுல சிக்காமகூட வந்துருமாம். அதனால வெச்சிக்கினவங்களுக்கு ஆயுசுக்கும் ரத்தம் பாத்துக்கினே இருப்பாங்களாம். கூட இருக்கிற எங்களுக்கும் சேத்து!”

“ஒனக்குமா? ஒனக்கு ஒட்டிக்கினா இன்னாடி பண்ணுவ?”

“எனக்கும் ஊசி குத்தி ரத்தம் பாக்கட்டும், கைய நீட்டுறேன்.”

அக்கா பிளாஸ்டரைத் தடவியபடி ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கை பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

“ஆயுசுக்கும்னா சொன்னாங்க? அவ்ளோ நாளு இருப்பாங்களா? வீடியோவுல அந்த எடத்த மட்டும் இன்னொரு தாட்டி போடு.”