மகாராணியின் மூச்சு

இல்ல டாக்டரம்மா, கடிக்க மாட்டா. உங்க பைய மோந்து பாக்கறா, அவ்வளவுதான். போன தடவ அதுலேருந்துதானே அந்த நீளக் குழாய எடுத்து மூக்குல விட்டீங்க, அந்தக் கோவம் இருக்கும்ல. குதிரைக்கு மகாராணின்னு சும்மாவா பேரு வச்சா என் வீட்டுக்காரி? தூசி பட்டா ஆகாது, ஈ உக்காந்தா ஆகாது. தாராளமா கிட்ட வாங்க, நான் கயித்தப் பிடிச்சுக்கறேன்.

வீட்டுக்காரியா? உள்ளதான் இருக்கா. ஏதோ சாமான் எடுத்து வச்சுட்டு இருக்கா, வந்துடுவா. அதுவரைக்கும் என் பேச்சக் கேட்டே ஆகணும், வேற வழியில்ல உங்களுக்கு. இங்க சவாரி சொல்லிக் குடுக்கறது அவ, லத்தி அள்ளறது நான். குதிரை ஏறத் தெரியாதவன் லாயம் நடத்தறான்னு எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்கட்டுமே. ஏறி விழுந்தா இன்னும் நல்லாச் சிரிப்பாங்க.

இவ மொதல்ல இருமினப்ப நாங்க செஞ்ச கூத்துதான் உங்களுக்குத் தெரியுமே. சளி பிடிச்சிருக்குன்னு ஜன்னல் பூரா சாத்தினோம். கோணிய வச்சு இடுக்கெல்லாம் அடைச்சோம். குளிரக் கூடாதுன்னு கீழ வைக்கோல் மெத்த. நல்லாத் தின்னட்டும்னு காஞ்ச புல்ல வலையில திணிச்சு மூக்குக்கு நேராத் தொங்க விட்டோம். எதெது இவளுக்கு ஆகாதோ அதையெல்லாம் ஒண்ணு விடாம பாசமாச் செஞ்சோம். இவ வயித்த எக்கி எக்கி மூச்சு விடுவா, விலாவுக்குக் கீழ கோடு மாதிரி பள்ளம் விழும். பாக்க முடியாது. அதுக்கும் மேல, வேற குதிரைக்கு வாங்கி மிச்சமிருந்த கிருமி மருந்த இவளுக்குக் குடுத்துடலாமான்னு உங்களக் கேட்டோம். அப்ப நீங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சீங்க. இருமற மாதிரி நடிச்சா எனக்குத் தெரியாதா?

குதிரைக்கு ஆஸ்துமா, காஞ்ச புல்லுத் தூசிதான் ஆகலன்னு நீங்க சொன்னதும், இந்தப் பொண்ணு என்னை வச்சு வெளாடுதுன்னுதான் நெனச்சேன். அப்புறம் அந்தக் குழாய விட்டு, உள்ள உப்புத் தண்ணி ஊத்தி, திரும்ப உறிஞ்சி எடுத்தீங்க. நொரை நொரையா வந்துச்சு. பரிசோதனை முடிவுல கிருமி இருக்குன்னு வந்ததும் எனக்கு அப்பாடான்னு ஆயிடுச்சு. கிருமின்னா கொல்லலாம், வேலை முடிஞ்சுது. நீங்களோ கிருமி மருந்தே வேணாம்னுட்டீங்க. நல்லா இருக்கற குதிரையோட மூச்சுக்குழாயிலயும் கிருமி குடியிருக்குமாம். இவளுக்கு அதுல எது அதிகம், எது கம்மிங்கறதுதான் மாறிப்போச்சாம். சரி, கிருமி மாறினதால வீக்கமா, வீங்கினதால கிருமி மாறிச்சான்னு கேட்டேன். அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் உங்க மேல எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. எங்க வீட்டுச் சண்டையும் அதே கதைதான். நான் பேசாததால அவ கோவிச்சுக்கிட்டாளா, அவ கோவிச்சுக்கிட்டதால நான் பேசலயா? எங்க அனுப்பிச் சோதிச்சாலும் முடிவு வராது.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான். இவ்வளவு பேசற ஆளு வீட்டுல பேச மாட்டாரான்னு தானே பாக்கறீங்க? அவளும் அதையேதான் கேக்கறா. வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் வாய் ஓயாது, எங்கிட்ட வந்தா மட்டும் உனக்கு வாயடைச்சுப் போயிடுதேங்கறா. என்ன சொல்றது? உங்ககிட்ட ஏதாவது தப்பாப் பேசிட்டா, நீங்க பையத் தூக்கிட்டுக் கெளம்பிடுவீங்க. அவகிட்டப் பேசினா, பேசினது வீட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும்ல.

புல்லா? நான்தான் நனைக்கறேன். தொட்டியில முக்கி, தூக்கி வடிய விட்டு, ஈரம் காயறதுக்குள்ள போட்டுடறேன். கையப் பாருங்க, ஊறிப்போயி எப்படி இருக்குன்னு. இந்தக் கையால சமைச்சா சாப்பிட மாட்டேன்னுட்டா அவ. வைக்கோல எடுத்துட்டு தூசியில்லாத மரச்சீவல் பரப்பினதும் நான்தான். மூஞ்சியில அந்த மூடிய மாட்டி மூச்சு மருந்து அடிக்கறதும் நான்தான். நான் மாட்டினா இவ தலையக் குனிஞ்சு குடுப்பா. அவ மாட்டினா உதறுவா. என் குதிரை உங்கிட்ட எதுக்கு இப்படிக் குழையுதுன்னு அவளுக்கு ஒரே பொறாம. இப்பல்லாம் எங்கிட்ட அவ பேசற பேச்சே அது ஒண்ணுதான்னு வச்சுக்கங்களேன்.

சரி சரி, ஸ்டெதாஸ்கோப்ப வச்சுப் பாருங்க. நான் வாய மூடிக்கறேன்.

என்ன? விசில் சத்தமே இல்லையா? அந்தப் பக்கமும்? நல்லாக் கேட்டீங்களா? இன்னொரு தடவ வச்சுப் பாக்கறீங்களா? ஐய, உங்க மேல சந்தேகமெல்லாம் இல்ல. சும்மாதான் கேட்டேன்.

சந்தோஷம்தான் டாக்டரம்மா. என் மூஞ்சி எப்பவுமே இப்படித்தான், நீங்க அதக் கண்டுக்காதீங்க.

ஒண்ணு கேக்கணும். இவள வண்டியில ஏத்தி ரொம்ப தூரம் கொண்டு போகலாமா? ம்… தலையத் தூக்கிக் கட்டக் கூடாது. வழியில நிறுத்தி நிறுத்திக் குனிய விடணும். ஆமா, தலை மேலயே இருந்தா சளியும் கிருமியும் வெளிய வராம உள்ள எறங்கிடும். புரியுது. சரி, போகலாம். போகலாம்ல?

எங்கயா? என் வீட்டுக்காரியோட அக்கா வீட்டுக்கு. அங்க பெரிய புல்வெளி இருக்கு. ராத்திரி பகல் வெளியவே மேயலாம். லாயத்த விட வெட்டவெளிதான் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

திரும்பவா? இல்ல, இவ திரும்ப வரமாட்டா. அவளும்தான். உள்ள பெட்டிதான் கட்டிக்கிட்டு இருக்கா. முன்னாடியே போறதாத்தான் இருந்தா. இந்த மூச்சோட வண்டியில ஏத்தாதீங்கன்னு நீங்க சொன்னதாலதான் இத்தன நாள் இருந்தா. குதிரைய விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு வரல.

நீங்க ஏன் கலங்கறீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க வேலைய நல்லாப் பண்ணீங்க, அவ்வளவுதான். நானும் ஒரு நாள் காஞ்ச புல்ல ஒரு கத்தை கையில எடுத்துட்டு இதே எடத்துல நின்னேன். நனைக்காம கொஞ்ச நாள் போட்டாப் போதும், இருமல் திரும்பிடும், அவளும் இங்கயே இருந்துடுவா. மகாராணி தலைய நீட்டினா. நான் குடுத்தா நல்லதாத்தான் இருக்கும்னு ஒரு நம்பிக்கை இவளுக்கு. மனசு கேக்கல டாக்டரம்மா. கொண்டு போயி தண்ணியில முக்கிட்டேன்.

அதோ, வர்றா. நல்லாயிடுச்சுங்கறத நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா, அனுப்பி வைக்க அவசரப்படறேன்னு நெனச்சுக்குவா.