எழுவைதீவு தாண்டும்வரை

பால் தேத்தண்ணி வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் இருந்தால் தாருங்கள். குரலை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இதெல்லாம் பார்க்கவேண்டியிருக்கிறது.

கரம்பொன்னில் திருவிழா ஒலிபெருக்கியில், காணாமற்போன பிள்ளைகளின் பெயரை வாசித்துத் தொடங்கியவன் நான். பிறகு யாழ்ப்பாணத்தில் வானொலி, காலை நிகழ்ச்சி. தீவுப்பகுதிப் படகுக்காரர் கடல் வானிலை அறிவித்தலை இந்த நிசாந்தனின் வாயால் கேட்டுவிட்டுத்தான் எஞ்சினைத் தொடுவார்கள். சந்தேகமென்றால் எனக்கே போன் எடுப்பார்கள். அந்த வழக்கத்தை உண்டாக்கியவனும் நானே. பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப் போன் எடுத்தவர்களில் ஒருவர் ஜெகதீஸ், ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி. நல்ல பகிடிக்காரர். நானே அவரை நேரலையில் பேசவிட்டேன். “எழுவைதீவு தாண்டினால் போனிலயும் சிக்னல் இல்லை, உங்கட றேடியோவும் கேக்காது, அண்ணை. பிறகு எஞ்சின்தான் எனக்குப் பாட்டுப் போடும்” என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்காகவே வானொலியைப் போடத் தொடங்கியது. எனக்கும் அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் முதலாளி ஐயாத்துரை இசைத் தொலைக்காட்சி தொடங்கினார். அதில் முகம் காட்டப்போவது நான்தான் என்று புதுச் சட்டையும் தைத்துவிட்டேன். அவர் கூப்பிட்டு, “குறை நினையாதையும் நிசாந்தன், ஜெகதீஸைப் போடுவம். நீர் ஆளைக் கொஞ்சம் பழக்கிவிடும்” என்றார். “ஓம்” என்றேன். வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையை மடித்து உள்ளே வைத்தேன்.

முதல் ஒளிப்பதிவு நாளில் கோயில் பெருநாளும் வந்தது. மற்றப் படகுகள் பூசை முடியத்தான் இறங்கும். ஜெகதீஸ் மட்டும், ஒளிப்பதிவுக்கு நேரத்தோடு திரும்பவேண்டுமென்று விடியவே வெளிக்கிட்டார். கரையிலிருந்து போன் எடுத்தார்.

“அண்ணை, அறிவித்தல் ஏதும் வந்ததோ?”

வந்திருந்தது. பலத்த காற்று, கடலுக்குப் போகவேண்டாம் என்று என் முன்னால் திரையில் கிடந்தது.

“ஒண்டும் இல்லை. குளம் மாதிரிக் கிடக்காம். போயிட்டு வாரும்” என்றேன்.

பிறகு பாட்டுக்கு மேல் பாட்டாகப் போட்டேன். எழுவைதீவைத் தாண்டியிருப்பார் என்று உறுதியான பிறகுதான் அறிவித்தலை வாசித்தேன். தெளிவாக வாசித்தேன். பூசை முடிந்து வந்தவர்கள் ஒருவரும் கடலில் இறங்கவில்லை. அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஐயா.

அப்போதுதான் அவருடைய மனைவி ஜசிந்தா நேரலைக்கு வந்தா. “ஐயோ அண்ணை, அவர் விடியவே போயிட்டார். அவருக்குக் கேக்கிற மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கோ.”

சொன்னேன். கேட்காது என்று தெரிந்துகொண்டே, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உருகி உருகிச் சொன்னேன். கலையகத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் பேசியதில்லை.

படகு முதலில் கிடைத்தது. பிறகு அவர் கரையொதுங்கினார். செத்தவீட்டில் ஜசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எவ்வளவு கத்திக் கூப்பிட்டனீங்கள், அண்ணை” என்றா. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவி நான். அவரைக் கொன்றது கடல் இல்லை, நான்தான். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரேயொரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ஜெகதீஸுக்கு அஞ்சலி நிகழ்ச்சி. அதை முடித்துவிட்டு வருகிறேன். சட்டைகூட அப்படியே மடிப்புக் குலையாமல் இருக்கிறது. அதைச் செய்ய இப்போது என்னை விட்டால் வேறு ஆளில்லை, ஐயா.