நெட்டை வரமாட்டான் மேடம்

இல்லீங்க மேடம், அவன் வரமாட்டான். நானும் வந்ததுலேர்ந்து அதத்தான் சொல்லிட்டிருக்கேன். உடம்புக்கு முடியல, படுத்திருக்கான். நீங்க கொடிய ஏத்திடுங்க, கயித்த நான் ஒருத்தனே இழுத்துத் தர்றேன். அதெல்லாம் ஏறிடும். கம்பத்த வெல்டிங் வெச்சு நிறுத்தினதே நாங்க ரெண்டு பேரும்தானே, நேத்து சாயங்காலம்தான் கப்பிக்கு கிரீஸ் தடவினேன்.

வேணாம் மேடம், நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேன். நான் உக்காந்தா பேச்சு வளரும். உங்களுக்கு இன்னும் ரெண்டு ஊர் பாக்கியிருக்குன்னு டிரைவர் சொன்னார். வெயில் வேற ஏறுது. டீ வந்தா சூட்டோட குடிச்சிருங்க மேடம். ஆறிப் போச்சுன்னா இன்னொண்ணு போட்டுக் கொண்டாறேன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

ஆமா, பேப்பர்ல வந்த படம் நாங்கதான். நெட்டையும் குட்டையும். ஊர்ல எங்க பேரு யாருக்கும் தெரியாது, அப்படிச் சொன்னாத்தான் தெரியும். அந்தப் படத்துக்கு என்ன பாடு படுத்தினாங்க தெரியுமா. அவன தொப்பி போட்டுக்கச் சொன்னாங்க, என்ன நெத்தியில பட்டையா பூசிக்கச் சொன்னாங்க. அப்புறம் அவன முட்டிய மடக்கிக் குனியச் சொல்லி, என்ன செங்கல் மேல ஏத்தி விட்டாங்க. இந்துவும் முஸ்லிமும் ஒரே ஒசரத்துல தெரியணுமாம். அதுலேர்ந்து வருசா வருசம் இந்த லீவு நாள்ல யாராவது பெரியவங்க வந்துடுவாங்க. நாங்களும் அவன் குனிய, நான் ஏறன்னு நின்னுக்கிட்டிருக்கோம்.

ஒத்துமையா? என்னத்தச் சொல்ல. ஒரே வெல்டிங் பட்டறையில ரெண்டு பேரும் தினமும் சண்டைதான் மேடம். அவன் ஒரு வேலைய மூணு தரம் அளப்பான், எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் கண்ணாடி போடாம பத்த வெப்பேன், அவன் கத்துவான். மாசத்துல பாதி நாளு பேச்சுவார்த்தை கிடையாது. ஆனா வேலை நடக்கும். அவன் கைய நீட்டினா என்ன வேணும்னு எனக்குத் தெரியும், ராடு வேணுமா சுத்தியல் வேணுமான்னு. இதுக்கு ஒத்துமைன்னு பேரு வைப்பீங்களோ என்னவோ. நாங்க வெக்கல.

மேடம், ஒரு சின்ன உதவி. அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுங்களேன். ஸ்பீக்கர் குழாய அவன் வீட்டு மாடியில கொண்டுபோய்க் கட்டியிருக்காங்க. கீழ ஆளு படுத்திருக்கான், தலைக்கு மேல இந்த இரைச்சல். நான் சொல்லிப் பாத்துட்டேன், பஞ்சாயத்துத் தலைவர் சொன்னாத்தான் நிறுத்துவேங்கறான் மைக்செட்காரன். தலைவர் கிட்ட நான் பேச முடியாது. அதோ பாருங்க, கம்பத்துக்குப் பக்கத்துல நின்னு என்னயே முறைச்சிட்டிருக்கார். வாய மூடிட்டு சிரிச்ச முகமா நில்லுடாங்கறார். நீங்க சொன்னா மறுபேச்சு கிடையாது.

வேற ஆளா? அவங்க தெருவிலேர்ந்து ஒருத்தரா? இருக்காங்க, ஏன் இல்லாம. கூப்பிட்டா வர மாட்டாங்க மேடம் இப்ப. ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாருமே நெட்டை வீட்டுலதான் உக்காந்திருக்காங்க.

ம். ஆமா. காய்ச்சலுக்கு இத்தன பேரு உக்காருவாங்களான்னு கேக்கறீங்க.

வர்ற வழியிலயே பாத்துட்டீங்களா? ஆமா, வாசல் பூரா செருப்புதான். அத எடுத்துத் திண்ணைக்குப் பின்னால போட்டு மறைக்கணும்னு யாருக்கும் தோணல. வாய மூடத் தெரிஞ்சவங்களுக்கு வாசல மூடத் தெரியல பாருங்க.

இல்ல மேடம், எந்திரிக்காதீங்க. வீட்டுக்கே போய்ப் பாக்கறேன்னா எப்படி. அவன் கட்டில்ல சாஞ்சிருந்தாப் போதும், பக்கத்துல நான் நின்னா ஒரு படம் எடுத்துடலாம்னு சொல்றீங்க. உங்க நல்ல மனசு. ஆனா அந்தக் கேமராக்காரத் தம்பிய மட்டும் இங்கயே நிக்கச் சொல்லுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன், கேமரா உள்ள வர வேணாம்.

சொல்றேன். தலைவர் என்னயத் தொலைச்சுக் கட்டட்டும், சொல்லிடறேன்.

தலைவர் கெட்டவர் இல்ல மேடம். அவர் கையில ஒரு மனு இருக்கு, நீங்க கிளம்பறப்ப தருவார். ஊருக்கு ஒரு டாக்டர் வேணும்னு. ஆஸ்பத்திரி இருக்கு, நீங்களே பாத்தீங்க, உங்களுக்காக வெள்ளையடிச்சு வெச்சிருக்கு. உள்ள ஆளுதான் இல்ல. விடியக்காலையில நெட்டை நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தப்ப அவன என் முதுகுல போட்டுத் தூக்கிட்டுப் போனேன். அவன் கால் ரெண்டும் தரையில இழுபட்டுது, நான்தான் குட்டையாச்சே. போனா பூட்டு. லீவு நாளாம். அந்தப் படியிலயே உக்கார வெச்சேன். அடுத்தவாட்டி நெட்டையாப் பொறந்து வாடான்னான். அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல.

தலைவர் வந்து பாத்தார். அழுதார், இல்லேங்கல. அப்புறம் கண்ணத் தொடச்சிட்டு எங்கள உக்கார வெச்சுச் சொன்னார். மேடம் வர்றது அபூர்வம், எழவு வீடுன்னு தெரிஞ்சா வண்டிய இப்படியே திருப்பிடுவாங்க, மனு போச்சு, அடுத்து நெஞ்சு வலிக்கறவனுக்கும் இதே படிதான். அவங்க போற வரைக்கும் யாரும் சத்தம் போடாதீங்க. அவர் சொன்னதுலயும் ஞாயம் இருக்குல்ல மேடம்? நெட்டை பொண்டாட்டி எனக்குத் தங்கச்சி மாதிரி. அதுதான் மொதல்ல தலையாட்டிச்சு. வாயில முந்தானைய அடைச்சிட்டு உக்காந்திருக்கு உள்ள. எனக்கு வெள்ளச் சட்டைய மாட்டி இங்க அனுப்பி வெச்சிட்டாங்க.

எனக்கு ஆறுதலெல்லாம் வேணாம் மேடம், நேரம்தான் வேணும். மதியத் தொழுகையோட அவன எடுத்தாகணும். எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. இந்தத் தெருவுல ஒரு சாவுன்னா விறகு அடுக்கறது அவங்க. அந்தத் தெருவுலன்னா குழி வெட்டறது நாங்க. சொந்தக்காரனுக்குக் கை நடுங்கும், அடுத்த தெருக்காரனுக்கு நடுங்காதுன்னு யாரோ புத்திசாலி பண்ணி வெச்சது. நெட்டைக்கு நான்தான் வெட்டணும். பாறை மாதிரி மண்ணு. கடப்பாரையத் தொடக்கூட விடல, கொடி புடிக்கிற கையில மண்ணு இருக்கக் கூடாதாம். காலையிலேர்ந்து இந்தக் கையக் கழுவிக் கழுவி வெச்சிட்டு நிக்கறேன். இது நடுங்கறதப் பாருங்க மேடம். அடுத்த தெருக்காரன் கை இது.

சீக்கிரம் ஏத்திட்டுக் கிளம்புங்க. நான் போய் வெட்டணும். உள்ள அந்தப் பொண்ணு அழணும்.