விண்ணிலும் குமட்டும்

குமட்டலை வைத்து ஒருவரின் துணிவை அளக்கலாமா? உவரியிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்ற பேருந்தில், முன்னிருக்கை இளைஞர்கள் இருவரின் பேச்சு இக்கேள்வியை எழுப்பியது.

“விண்வெளிக்குப் போறவுகளும் வாந்தி எடுப்பாவளாம்லே.”

“சும்மா கெட மச்சான். நேத்து வள்ளத்துல நான் எடுத்ததப் பாத்து மாமனாரு சிரிச்சிட்டாரு. இனி கடலே வேண்டாம், டவுன்ல கடை வேலைக்குப் போறேன்.”

“நெசமாத்தாம்லே. அங்கன எடையே தெரியாது. மேல எது, கீழ எதுன்னு நெதானம் காக்குற காதுக்குப் பிடிபடாம வயிறு குமட்டுமாம். ரெண்டு மூணு நாள்ல பழகிருமாம்.”

“எடை இல்லன்னா வாந்தி கீழ விழாதே?”

“மெதக்கும். அதான் ஆளுக்கொரு பை குடுப்பாவ.”

“எங்க மாமனாரு ஒரு பை குடுத்தாரா மச்சான்? நாளைக்கு வள்ளத்துக்கு நானே கொண்டு போறேன்!”

நாங்குநேரியில் இருவரும் சிரித்தபடி இறங்கி, உவரிக்குத் திரும்பும் பேருந்துக்குக் காத்து நின்றனர்.

பேருந்தில் யாருக்கேனும் குமட்டினால், இப்போதெல்லாம் முகம் சுளிக்காமல் என் சன்னலோர இருக்கையைக் கொடுத்துவிடுகிறேன்.